விபத்து நடந்த விதம்

"விபத்து நடந்த விதம், சுருக்கமாக" என்று கேட்டு
மூன்று கோடு விட்டிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஒன்பது நாற்பது,
கொருக்குப்பேட்டை கேட்.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
முப்பத்தெட்டு பெட்டி வரை எண்ணினேன்,
அப்புறம் போனைப் பார்த்தேன்.
அதையும் எழுத வேண்டுமா?
கேட்டைத் தூக்கினார்கள்.
இந்தப் பக்கத்து அவசரமும் அந்தப் பக்கத்து அவசரமும்
தண்டவாளத்தின் மேல் முட்டிக்கொண்டன.
கால் பிரேக்கை விட்டது.
நான் விடச் சொல்லவில்லை.
இரண்டு அடி. மிஞ்சிப்போனால் மூன்று.

முன்னால் நின்றது ஒரு மீன்பாடி வண்டி,
பழைய ஸ்கூட்டர் இன்ஜின் வைத்துக் கட்டியது.
நம்பர் பிளேட் இருக்கவேண்டிய இடத்தில்
'ரோஸ்லின் துணை' என்று மஞ்சள் பெயிண்ட்.
மனைவியோ, மகளோ.
அதிலிருந்து ஒரு ஐஸ் பாளம்
கோணியோடு சறுக்கி ரோட்டில் விழுந்தது.
மிச்சமிருந்த என் ஒற்றை விளக்கில்
தெரு முழுக்க வெள்ளை.

அவர் இறங்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை.
குனிந்தபடியே
பெரிய துண்டாகப் பார்த்துப் பொறுக்கினார்.
பின்னால் முப்பது ஹாரன்.
"அண்ணே" என்றேன். "எவ்வளவு" என்றேன்.
"ஐஸு தானேம்மா. எப்டியும் கரையத்தான போவுது.
நீ வண்டிய எடு மொதல்ல."

ஜாஃபர் ஷெட்டில் சொன்ன கணக்கு:
ஹெட்லைட் ஆறாயிரத்து எண்ணூறு,
பம்பருக்கு டிங்கரிங், பெயிண்ட், நாலாயிரத்து ஐந்நூறு.
கம்பெனி தரும். முதல் ஆயிரம் நம்முடையது.
ஆனால் மூன்று வருஷம் எதுவும் கேட்காமல் இருந்ததற்கு
முப்பத்தைந்து சதவீதம் சேர்த்துவைத்திருக்கிறேன்.
கேட்டால் அது பூஜ்யம்.
ஹார்பரில் கண்டெய்னர் கணக்கு பார்க்கிறவள் நான்,
கால்குலேட்டரில் மூன்று முறை போட்டேன்,
மூன்று விடை.

ஏஜென்ட் பெனடிக்ட் போனில் சொன்னார்:
"சுவத்துல இடிச்சேன்னு எழுதுங்க மேடம்.
சுவரு வந்து சாட்சி சொல்லாது.
வேற வண்டின்னு எழுதினா எஃப்.ஐ.ஆர். கேப்பான்,
அந்த ஆளத் தேடுவாங்க.
அதுக்கு ஆர்.சி.யே இருக்காது.
வண்டியத் தூக்கிட்டுப் போயி
ஸ்டேஷன் வாசல்ல துரு பிடிக்க வுட்டுருவான்."

பாலிசியைப் புரட்டினேன்.
முதல் தரப்பு நான்.
இரண்டாம் தரப்பு, மும்பையில் ஏதோ ஒரு கட்டடம்.
அவர் மூன்றாம் தரப்பு.
கேட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

'காம்பவுண்டுச் சுவரில் எதிர்பாராமல்'
என்று ஆரம்பித்தேன்.
"நீ வண்டிய எடு மொதல்ல" என்று சொல்கிற சுவர்
எந்தத் தெருவில் இருக்கிறது?
அடித்தேன்.
'ஐஸ்' என்று எழுதி, அதையும் அடித்தேன்.
மூன்று கோடும் தீர்ந்துவிட்டது.

"புண்ணியத்துக்குப் பாக்கறியா, போனஸுக்குப் பாக்கறியா?"
சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டான் தேவநேசன்.
இரண்டுக்கும் ஒரே கையெழுத்துதான்.
அதாவது, போடாத கையெழுத்து.
நல்லவளாக இருப்பதில் லாபமும் வந்து சேர்வது
பெரிய தொல்லை.

கடைசியில் கேட்கவில்லை.
அடுத்த வருஷம் நாற்பத்தைந்து சதவீதம்.
கேட்காதவருக்குப் போனஸ் என்கிறது பாலிசி.
அவரும்தான் கேட்கவில்லை.

விளக்கில் இன்னும் செல்லோடேப்.
கேட் மூடும்போதெல்லாம்
முன்னால் நிற்கிற மீன்பாடிகளின் முதுகைப் படிக்கிறேன்:
வேளாங்கண்ணி, அங்காளம்மன், ஒரு முறை 'கடன் துணை'.
முகம் தெரியாது எனக்கு.
ஐஸ் பொறுக்கிச் சிவந்த விரல்கள் தெரியும்,
அவை இந்நேரம் பழைய நிறத்துக்கு வந்திருக்கும்.

இன்றைக்கு நாற்பத்திரண்டு பெட்டி.
கடைசிவரை எண்ணினேன்.
பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்.
கால் பிரேக்கிலேயே இருக்கிறது.